வீட்டில் பாட்டு செய்பவருக்கு எந்தப் பிளகின்?

ஒரு லேப்டாப், சின்ன மிடி கீபோர்டு, சுமாரான ஹெட்போன். இந்த மூன்றும் இருந்தால் வீட்டிலேயே ஒரு பாட்டை முழுதாகச் செய்து முடிக்கலாம். திணறல் தொடங்குவது அதற்குப் பிறகுதான்: எந்த மென்பொருள் வாத்தியத்தை வாங்குவது, எந்த எஃபெக்டை வாங்குவது? விளம்பர வீடியோவில் எல்லாமே அற்புதமாகக் கேட்கும். வாங்கி நம் மெட்டுக்குள் வைத்தால் பாதி ஒட்டாது. ராகத்தை ஒட்டிய மெலடியோ, சினிமாப் பாட்டோ, நாட்டுப்புற மெட்டோ செய்பவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. பாட்டைப் பதிவு செய்து, அடுக்கி, கலக்கும் பெரிய மென்பொருளை டிஏடபிள்யூ என்கிறோம். கியூபேஸ், லாஜிக், எஃப்எல் ஸ்டுடியோ, ஏபில்டன் லைவ், ரீப்பர் எல்லாம் இந்த வகை. அதற்குள் செருகி ஓட்டுகிற சிறு மென்பொருள்தான் பிளகின். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருக்கும் ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996இல் கியூபேஸோடு விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. அப்போது ரிவர்ப், எக்கோ போன்ற எஃபெக்டுகளை மட்டும்தான் செருக முடிந்தது. 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில் வாத்தியங்களையே செருகி, கீபோர்டால் வாசிக்க வழி பிறந்தது. இன்று விண்டோஸில் பெரும்பாலும் விஎஸ்டி3 வடிவம் போதும். லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஆப்பிளின் ஏயூ வடிவத்தை மட்டுமே ஏற்கும். புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வேண்டும். வாங்குமுன் இதைப் பார்த்துவிட்டால் போதும், வடிவத்தைப் பற்றி வேறு கவலை வேண்டாம்.

எதை வாங்குவதற்கும் முன்னால், உங்கள் டிஏடபிள்யூவோடு வந்த வாத்தியங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்துப் பாருங்கள். லாஜிக்கோடு வரும் ஆல்கெமி தனியாக விற்கக்கூடிய தரத்தில் உள்ள சிந்தசைசர். கராஜ்பேண்ட் மேக் வைத்திருப்பவருக்கு இலவசம். ரீப்பர் மட்டும் விதிவிலக்கு: அதன் எஃபெக்டுகள் உறுதியானவை, வாத்தியங்களோ மிகக் குறைவு. ரீப்பர்காரர்தான் வெளியே தேட வேண்டியிருக்கும்.

தேடும்போது, அந்த வாத்தியத்துக்குள் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. பெரும்பாலானவை சாம்பிள் வகை. உண்மையான வாத்தியத்தை ஸ்டுடியோவில் வாசித்துப் பதிவு செய்து, நாம் கட்டையை அழுத்தும்போது அந்தப் பதிவை ஒலிக்கச் செய்வார்கள். ஒரு பியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். 88 கட்டைகள், மெதுவாக அழுத்தியது முதல் ஓங்கி அடித்தது வரை ஒவ்வொன்றுக்கும் 10 அடுக்குகள், ஒவ்வொரு பதிவும் 10 வினாடி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் வினாடிக்கு 2,88,000 பைட். மொத்தம் சுமார் 2.5 ஜிபி. பெடல் அழுத்திய ஒலி, மைக்கை வேறு இடங்களில் வைத்து எடுத்தது என்று சேரச்சேர இது பல மடங்காகும். ஸ்பிட்ஃபயர் ஆடியோவின் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலவசமாகக் கிடைக்கும் டிஸ்கவர் பதிப்பு சுமார் 200 எம்பி. அதே ஆர்க்கெஸ்ட்ராவின் புரோ பதிப்பு சுமார் 600 ஜிபி. எட்டு ஜிபி ராமும் சின்ன எஸ்எஸ்டியும் உள்ள லேப்டாப்புக்குப் புரோ பதிப்பு சுமைதான். மெட்டை அமைத்துப் பார்க்க டிஸ்கவரே தாராளம்.

இரண்டாவது வகை சிந்தசைசர். இதில் பதிவு எதுவும் தேவையில்லை. கணினியே அலைகளை உருவாக்கி, வடிகட்டி, அசைத்து ஒலியாக்குகிறது. இந்த வகையில் காசு கொடுக்கும் அவசியமே இன்று அநேகமாக இல்லை என்பது என் உறுதியான கருத்து. வைட்டல் என்ற வேவ்டேபிள் சிந்தசைசரின் இலவசப் பதிப்பிலும் முழு எஞ்சின் இருக்கிறது. காசு கொடுத்தால் கூடுதல் ஒலிகள் கிடைக்கும், அவ்வளவுதான். சர்ஜ் எக்ஸ்டி முழுக்கத் திறந்த மூல மென்பொருள். எண்பதுகளின் பாடல்களில் கேட்ட, மணி போன்ற எலெக்ட்ரிக் பியானோ ஒலி வேண்டுமென்றால், 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டை அப்படியே நகலெடுக்கும் டெக்செட் இருக்கிறது. அதுவும் இலவசம்.

மூன்றாவது வகையில் கம்பி எப்படி அதிரும், காற்றுக்குழல் எப்படி ஒலிக்கும் என்ற இயற்பியலைச் சமன்பாடுகளாக எழுதி, அந்தந்த நொடியில் கணக்கிட்டு ஒலியாக்குகிறார்கள். பிரான்ஸின் மோடார்ட் நிறுவனம் செய்த பியானோடெக் இந்த வகை. முழுப் பியானோ, ஆனால் 100 எம்பிக்கும் குறைவு. வயலின், புல்லாங்குழல் போன்றவற்றுக்கு ஆடியோ மாடலிங் நிறுவனத்தின் ஸ்வாம் வரிசை இருக்கிறது.

இந்த வகைப் பிரிவு நமக்கு ஏன் முக்கியம்? நம் மெலடி சுரத்தில் நிற்பதைவிட, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியில்தான் அதிகம் வாழ்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. மேலும் கீழும் அசைந்துகொண்டேயிருப்பதுதான் அதன் உருவம். பியானோ கட்டையில் அதை அழுத்தினால் தோடி வராது. ஆகவே நாம் வாங்கும் வயலினோ குழலோ தனிச்சுரத்தில் எவ்வளவு இனிமை என்பதைவிட, இரண்டு சுரங்களுக்கு நடுவே என்ன செய்கிறது என்பதைத்தான் சோதிக்க வேண்டும். விளம்பர வீடியோக்களில் பெரும்பாலும் நீண்ட, நின்ற சுரங்களே வரும். அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சோதிக்கும் முறை இது. டெமோ பதிப்பை இறக்கி, உங்கள் சொந்த மெட்டில் கமகம் நிறைந்த ஒரு வரியை வாசியுங்கள். கீபோர்டில் பிட்ச் பெண்ட் வீல் இருக்கும். வழக்கமாக அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் மட்டுமே வளைக்கும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் ஏழு அரைச்சுரத் தூரம். எனவே ஒரு ஜாருவில் அங்கே வழுக்கிப் போக இந்த அளவு போதாது. பிளகினின் அமைப்புக்குள் போய் 12 ஆக மாற்றுங்கள். இங்கேயே பல லைப்ரரிகள், அதாவது சாம்பிள் தொகுப்புகள், தோற்றுவிடும்: தயாரித்தவர் இந்த அளவைப் பூட்டி வைத்திருப்பார், மாற்ற முடியாது. மாற்ற முடிந்தாலும், சாம்பிளை நெடுந்தூரம் இழுக்கும்போது குரலை வேகமாக ஓட்டியதுபோல ஒலியின் நிறமே மாறிவிடும். வாத்தியத்தின் உடலும் சேர்ந்து சுருங்கியதாகக் காதுக்குத் தெரியும். இன்னொரு சிக்கல், மேற்கத்திய வயலின் சாம்பிள்களில் வைப்ராட்டோ பதிவிலேயே கலந்திருப்பது. அதன்மேல் நாம் கமகம் வைத்தால் இரண்டு அசைவும் ஒன்றோடொன்று மோதும். வைப்ராட்டோ இல்லாத வாசிப்பைத் தனியாகத் தரும் லைப்ரரியே நமக்கு உதவும். லெகாட்டோ வசதியும் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரத்திலும் வில் புதிதாகத் தொடங்கும் சத்தம் கேட்டு, வரி துண்டுதுண்டாகிவிடும்.

இந்தச் சோதனையில் மூன்றாவது வகை நன்றாகத் தேறுகிறது. ஸ்வாம் வயலினில் பதிவு ஏதும் இல்லாததால் எவ்வளவு இழுத்தாலும் ஒலி ஒரே வாத்தியமாக இருக்கும். ஆனால் அதற்கு உழைப்பு வேண்டும். வில்லின் அழுத்தத்தை எக்ஸ்பிரஷன் மூலம் நாமே தொடர்ந்து தர வேண்டும்; ஒரு கை கட்டையில், இன்னொரு கை வீல்களில். பழகாத கையில் அது உயிரற்றுக் கேட்கும். விரலை நகர்த்தியே சுரத்தை வளைக்க உதவும் எம்பிஇ என்ற மிடி முறை 2018இல் தரப்படுத்தப்பட்டது. அதை ஏற்கும் கீபோர்டு விலை கூடுதல்தான், ஆனாலும் மெலடியே உங்கள் பலம் என்றால் ஐந்தாறு லைப்ரரிகளைவிட அந்த ஒரு கீபோர்டு அதிகம் பயன்படும். வைட்டல், சர்ஜ் இரண்டுமே எம்பிஇயை ஏற்கும்.

நாதஸ்வரத்துக்கு மட்டும் பிளகின் தேடாதீர்கள் என்பேன். சீவாளியில் உதடும் மூச்சும் செய்கிற வேலையை மென்பொருளில் கேட்டு நான் நிறைவடைந்ததில்லை. ஒரு கலைஞரை ஒரு மணி நேரம் அழைத்து, அவருக்கு உரிய தொகையைக் கொடுத்து, அறையில் வாசிக்க வைத்துப் பதிவு செய்யுங்கள். பாட்டு வேறு தளத்துக்குப் போய்விடும். கலைஞருக்கும் வேலை கிடைக்கும்.

தாள வாத்தியங்களில் கேள்வி வேறு. ஸ்வர் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்வர்பிளக், நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் இந்தியா லைப்ரரி போன்றவற்றில் நம் நாட்டுத் தாள வாத்தியங்கள் உண்டு. அவற்றிலும் வேறு எதிலும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆயத்த லூப் மட்டும்தானா, தனித்தனிச் சொற்களும் கிடைக்கின்றனவா? லூப்பின் வேகத்தை ஓரளவுக்குமேல் மாற்றினால் ஒலி சிதையும். தனிச்சொற்கள் இருந்தால் உங்கள் நடைக்கு ஏற்ப நீங்களே கோத்துக்கொள்ளலாம். ஒரே சொல்லுக்குப் பல பதிவுகள் உள்ளனவா? இல்லையென்றால் வேகமாக வாசிக்கும்போது அச்சு அடித்ததுபோல ஒரே அடி திரும்பத் திரும்ப விழும். பலரும் மறந்துவிடுவது சுருதி. மிருதங்கத்தின் வலந்தலையும் தபலாவும் ஷட்ஜத்துக்குச் சுருதி சேர்க்கப்படுபவை. உங்கள் பாட்டு இரண்டரைக் கட்டையில், லூப் ஒரு கட்டையில் என்றால், கேட்பவருக்குக் காரணம் தெரியாமலேயே உறுத்தும். சுருதியை மாற்றும் வசதி இருக்க வேண்டும், மாற்றிய பிறகும் தோலின் ஒலி இயல்பாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே உடுக்கையோ பறையோ பழைய ஹார்மோனியமோ இருந்தால் நீங்களே ஒரு வாத்தியம் செய்யலாம். டீசென்ட் சாம்ப்ளர் என்ற இலவசப் பிளகின் உங்கள் பதிவுகளை ஏற்றுக் கட்டையில் வாசிக்கத் தரும். மற்றவர்கள் இப்படிச் செய்து பகிர்ந்த வாத்தியங்களைப் பியானோபுக் என்ற இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கான்டாக்ட் என்ற சாம்ப்ளருக்கான லைப்ரரிகளில் மட்டும் கவனம் தேவை. இலவச கான்டாக்ட் பிளேயரில், முழு கான்டாக்டுக்காகச் செய்த லைப்ரரியைத் திறந்தால் 15 நிமிடத்தில் நின்றுவிடும். லைப்ரரியின் பக்கத்தில் எது தேவை என்று எழுதியிருப்பார்கள்.

கட்டையை அழுத்தியபின் ஒலி தாமதமாக வருகிறது என்றால் பிளகினைக் குறை சொல்லாதீர்கள். காரணம் பஃபர் அளவு, அதாவது கணினி ஒரே தடவையில் கணக்கிடும் ஒலித்துண்டின் நீளம். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 5 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. வாசிக்கும்போது குறைத்தும், கலக்கும்போது கூட்டியும் வையுங்கள். விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸோடு வரும் ஏசியோ டிரைவரைப் போடுங்கள். இன்டர்ஃபேஸ் இல்லாதவர் இலவச ஏசியோ4ஆல் போட்டுப் பார்க்கலாம்.

எஃபெக்டுகளில் நான் சிக்கனக்காரன். ஈக்யூவும் கம்ப்ரசரும் டிஏடபிள்யூவில் வந்ததே போதும். கூடுதலாக டிடிஆர் நோவா என்ற ஈக்யூ, வல்ஹல்லா சூப்பர்மேசிவ் என்ற ரிவர்ப், அதிர்வெண்களைக் கண்ணுக்குக் காட்டும் வாக்ஸெங்கோ ஸ்பான் மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றும் இலவசம். புதிய கம்ப்ரசரைப் பழையதோடு ஒப்பிடும்போது இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். சற்றே சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே காதுக்குப் படும். நிறைய பிளகின்கள் விற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

குரலுக்கான பிட்ச் கரெக்‌ஷனில் மறுபடியும் நம் கமகப் பிரச்சினை வருகிறது. ஆட்டோ-டியூனை 1997இல் கொண்டுவந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் வளம் தேட நில அதிர்வு அலைகளை ஆராய்ந்தவர். அந்தக் கணித முறை குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கவும் உதவியது. ஆட்டோ-டியூன் பாடியதை அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்து நிறுத்தும். அப்படியே ஓட விட்டால் கமகம் படிக்கட்டுபோல உடையும். ராகத்தின் சுரங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள், திருத்தும் வேகத்தைக் குறையுங்கள், கமகம் வரும் இடங்களில் பிளகினை அணைத்துவிடுங்கள். பிசகிய சுரங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் திருத்த மெலோடைன் என்ற மென்பொருள் இன்னும் பொருத்தம். அந்த ஒரு வரியைத் திரும்பப் பாடச் சொல்வது எல்லாவற்றையும்விட நல்லது.

காசு விஷயம். முழுதாக வாங்குவதா, மாதச் சந்தாவா? 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் முழுவிலை விற்பனையை நிறுத்தி, சந்தா மட்டும் என்று அறிவித்தது. இசைக்காரர்கள் கொதித்தெழவே சில நாட்களில் பழைய முறையையும் திரும்பக் கொண்டுவந்தது. சந்தாவை நிறுத்தினால் உங்கள் பழைய பாட்டைத் திறக்கும்போது அந்த வாத்தியம் பேசாது. மாத வருமானம் நிச்சயமில்லாதவர் சந்தாவில் மாட்டிக்கொள்ள வேண்டாம். எஃப்எல் ஸ்டுடியோவை ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் புதிய பதிப்புகள் இலவசம். ரீப்பருக்குத் தனிநபர் உரிமம் 60 டாலர். வாத்தியங்களை நவம்பர் இறுதியில் வரும் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குங்கள். பாதி விலைக்கும் கீழே கிடைப்பது உண்டு. கிராக் வேண்டாம். அதோடு வைரஸ் வந்து வருஷக்கணக்கில் செய்த பாட்டுகள் இருக்கும் கணினியைக் கெடுக்கும். இவ்வளவு தரமான இலவச வாத்தியங்கள் இருக்கும் காலத்தில் அந்த ஆபத்துக்கு அவசியமும் இல்லை.

எந்தப் பிளகினும் நிரந்தரமில்லை என்பதால் இன்னொரு வேலையும் செய்யுங்கள். 2019இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்தியபோது, பழைய பிளகின்களை நம்பியிருந்த எத்தனையோ பாட்டுக் கோப்புகள் ஊமையாயின. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வேவ் கோப்பாக எடுத்துத் தனி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். மிடி கோப்பையும் சேர்த்து வையுங்கள், நாளை வேறு வாத்தியத்தில் அதே வரியை வாசிக்க வேண்டியிருக்கலாம்.