கரை எந்த வருஷம் போட்டது?

முகத்துவாரச் சதுப்பை வளைத்துக் கரை போட்டுவிட்டார்கள் என்று மனு எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ‘நீர்நிலை ஆக்கிரமிப்பு’ என்று தலைப்பிட்டு தாசில்தாருக்கும் முதலமைச்சருக்கும் பதிவுத் தபால் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். ‘அது பட்டா நிலம்’ என்று ஒரு வரி எழுதி தாலுகா அலுவலகம் கோப்பை மூடிவிடுகிறது. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே கேள்வியே இல்லை. கடல்நீர் இயல்பாக ஏறி வற்றும் இடத்தை அடைத்தார்களா, எப்போது அடைத்தார்கள் என்பதுதான் கேள்வி. இதைக் கேட்க வேண்டிய அலுவலகமே வேறு.

புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கடலுக்கும் நமக்கும் நடுவே முத்தியால்பேட்டை இருக்கிறதே என்கிறார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறத்தாழ 46 செ.மீ. மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியவர்களை ராணுவம் வந்து மீட்க வேண்டியிருந்தது. கடல் ஏறி நிற்கும்போது எந்த வாய்க்காலும் வடியாது. அந்த நேரத்தில் வெள்ளம் பரந்து நிற்க இடம் வேண்டும். உமரியும் அலையாத்தியும் வளரும் சதுப்பு அந்த இடம். அதைக் கரை கட்டி இறால் குட்டையாகவோ மனையாகவோ மாற்றினால், அங்கே நிற்க வேண்டிய தண்ணீர் ஊருக்குள் நிற்கும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2019 ஜனவரி 18 தேதியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு உவர் சதுப்பு, அலையாத்தி, உயிர்ப்புள்ள சேற்றுத் திட்டு ஆகியவற்றை உச்சப் பாதுகாப்புள்ள முதல் மண்டலத்தில் வைக்கிறது. நிலத்தை மேடாக்குவது, கரை போடுவது, கடல்நீரின் இயல்பான போக்கைத் தடுப்பது ஆகிய மூன்றும், வெளிப்படையாக அனுமதித்த சில பணிகளைத் தவிர, தடை செய்யப்பட்டவை. இதே அறிவிப்பில் பெரும்பாலோர் படிக்காத ஒரு விதி இருக்கிறது. முதல் கடலோர மண்டல அறிவிப்பு வந்த 1991 பிப்ரவரி 19க்கு முன்பே கரையோ மதகோ இருந்திருந்தால், உயர் அலைக்கோடு (கடல்நீர் உச்சமாக ஏறும் எல்லை) அந்தக் கரையோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் நிலம் மண்டலத்துக்கு வெளியே போய்விடும். அப்படிப்பட்ட கரைக்கு உள்ளேயும் உப்புநீர் புகுந்து அலையாத்தி முளைத்திருந்தால் மட்டும், அந்தக் காடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அது முதல் மண்டலப் பாதுகாப்புக்குள் வந்துவிடும். ஆகவே கரை எழுந்த தேதிதான் வழக்கின் உயிர். அந்தத் தேதியை நிரூபிக்காமல் எழுதும் பத்துப் பக்க மனுவால் பயனில்லை.

எப்படி நிரூபிப்பது? முதலில் நிலத்தின் அடையாளம். புதுச்சேரிப் பத்திரங்களில் மறு அளவை எண், கதாஸ்தர் எண் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலமகள் தளத்தில் சரிபார்த்து, நில அளவைத் துறையில் செட்டில்மென்ட் நகலும் வரைபட நகலும் வாங்குங்கள். அடுத்தது காலம். இந்திய நில அளவைத் துறையின் பழைய இடவரைபடத்தைத் தேடி எடுங்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1970கள் தொட்டே இருக்கின்றன, இலவசமாகக் கிடைக்கின்றன. அவை தெளிவு குறைந்தவை என்றாலும், நீர் பரந்திருந்த சதுப்பு கட்டம் கட்டமான குட்டையாக மாறியது அவற்றில் தெரியும். கூகுள் எர்த்தின் பழைய படங்கள் 2000க்குப் பிந்தைய மாற்றத்துக்குப் போதும். ஒவ்வொரு படத்தையும் தேதியோடு அச்செடுங்கள். தேதியில்லாத கைப்பேசிப் படத்தை இணைக்காதீர்கள்.

மூன்றாவது, தகவல் உரிமை மனு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. அனுப்ப வேண்டிய இடம் புதுச்சேரி கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் துறையின்கீழ் அண்ணா நகர் வீட்டுவசதி வாரிய வளாகத்தில் இயங்குகிறது. எந்த ஆண்டு அறிவிப்பின்படியான கடலோர வரைபடம் இப்போது நடைமுறையில் இருக்கிறது, இந்த எண்ணுள்ள நிலம் அதில் எந்த மண்டலத்தில் வருகிறது, இங்கே கரைக்கோ பண்ணைக்கோ அனுமதி தரப்பட்டதா என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விகள் போதும். கதை எழுத வேண்டாம். பதில் வராவிட்டால் துறைக்குள்ளேயே முதல் மேல்முறையீடு, பிறகு டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையம். தமிழ்நாட்டுத் தகவல் ஆணையத்துக்கு எழுதி மாதங்களை இழந்தவர்கள் உண்டு.

இறால் பண்ணையாக இருந்தால், சென்னையிலுள்ள கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். 1996 டிசம்பர் 11 அன்று எஸ். ஜெகந்நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடலோர மண்டலத்துக்குள் இருந்த இறால் குட்டைகளை அகற்றச் சொன்னது. கெடுத்தவரே சீரமைப்புச் செலவைத் தர வேண்டும் என்றும் சொன்னது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கடுமையைக் குறைத்துவிட்டது என்பதும் உண்மை. அதனால் பழைய தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

கடலோர ஆணையம் அசையாவிட்டால் சென்னை சேப்பாக்கம் கலச மகாலிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் வழக்குப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். 15ஆம் பிரிவில், கெட்ட இடத்தைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரக் கேட்க, ஐந்து ஆண்டு. சதுப்பை மீட்பது நோக்கம் என்றால் 15ஆம் பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள். ‘அபராதம் போடுங்கள்’ என்று மட்டும் கேட்டால் அபராதம்தான் கிடைக்கும், கரை அப்படியே நிற்கும். தாசில்தாருக்கு மனுக் கொடுத்ததால் இந்த ஆறு மாதக் கணக்கு நிற்காது.

சதுப்பு நில விதிகள் 2017இன்கீழ் மனு எழுதுகிறவர்களும் கவனிக்க வேண்டும். கடலோர மண்டலத்துக்குள் வரும் பகுதிகளும், உப்பளமும் மீன் வளர்ப்புக் குட்டைகளும் அந்த விதிகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டவை. வடக்கே கழுவேலி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே நடப்பதைப் பற்றிய மனு விழுப்புரம் மாவட்ட நிர்வாகத்துக்கும் தமிழ்நாடு வனத்துறைக்கும் போக வேண்டும். அதைப் புதுச்சேரியில் கொடுத்தால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

மீட்பு என்றவுடன் கன்று நடும் விழாவுக்குப் பேனர் அடிக்கிறார்களே, அது எனக்குப் பெரிய ஆற்றாமை. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அலையாத்தி நட்டார்கள். பிழைத்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தண்ணீர் வந்து போகாத இடத்திலும், எப்போதும் மூழ்கியே கிடக்கும் இடத்திலும் கன்று நிற்காது. பிச்சாவரத்தில் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் வாய்க்கால் வெட்டின. மீன்முள் போலக் கிளை பிரித்து இயற்கை ஓடையோடு இணைத்தன. கடல்நீர் ஏறி வற்றத் தொடங்கியதும் தேங்கிய உப்பு கழுவிப் போனது, கன்றும் பிழைத்தது. கரை கட்டிய நிலத்திலும் முறை இதுதான். பழைய ஓடை இருந்த இடத்தில் கரையைத் திறந்து, கடல்நீரை உள்ளே விட வேண்டும். பல இடங்களில் உமரி தானே வந்துவிடும்.

ஆனால் நியாயம் நம் பக்கம் என்று மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டாதீர்கள். கரையைத் திறப்பதற்கும் கடலோர ஆணையத்தின் அனுமதி வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் உயர் அலைக்கோட்டைக் குறித்த வரைபடமும் வேண்டும். சென்னையிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அதைச் செய்கிறது. பக்கத்து வயலின் மட்டத்தை அளக்காமல் திறந்தால் உப்புநீர் நெல்லுக்குள் போகும், வழக்கு உங்கள் மேலேயே திரும்பும். 1991க்கு முந்தைய கரைக்குள் பட்டா வைத்திருப்பவர் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. அவரிடம் முதலில் பேசுங்கள். எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை யாரும் கரையைத் தொட வேண்டாம்.