பத்திரம் கையில், மனை முடக்கத்தில்

2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனைகளாவதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. அடுத்த மாதமே, அங்கீகாரம் பெறாத மனைகளின் பதிவை மறுக்க வகைசெய்யும், பல ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைத் தமிழக அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

தடையின் நோக்கத்தில் தவறில்லை. நஞ்சையும் நீர்வழியும் கல் நட்ட பிளாட்டுகளாகிக்கொண்டிருந்தன. ஆனால் பெரிய அடி வாங்கியது பிளாட் போட்டு விற்றுவிட்டுப் போனவர்கள் அல்ல. மாதத் தவணை கட்டி ஒன்றரை சென்ட் வாங்கிய குடும்பங்கள்தான். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப்போட்ட இடம் அப்படியே நின்றது. 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20 வரை பத்திரம் பதிவான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி ஒப்புதல் பெற வழி பிறந்தது. விற்றவர் செய்யாத வேலைக்கு வாங்கியவர் பணம் கட்டினார். இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இன்றும் "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று தரகர்கள் சொல்கிறார்கள். இதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஒப்புதல் இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து மட்டும் ஒரு மனைப்பிரிவை அங்கீகரித்துவிடாது. ஒப்புதல் எண்ணை வாங்கி, அந்த அலுவலகத்திலேயே சரிபாருங்கள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் உரிமையைப் பற்றித்தான் பேசும், அங்கீகாரத்தைப் பற்றிப் பேசாது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) கீழ் பதிவும் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்க விற்பவருக்கு உரிமையில்லை. நிலத்தின் உரிமையிலேயே குறை இருந்து நஷ்டம் வந்தால், ரெரா சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். அந்தக் கோரிக்கைக்குக் காலவரம்பும் கிடையாது. பலருக்குத் தெரியாத பெரிய பாதுகாப்பு இது.

சாலை, வடிகால் அமைத்துத் தருவதாகச் சொல்லி விற்று ஏமாற்றியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே பொதுவாக 2 ஆண்டுக் கெடு உண்டு. அதனால் விளம்பர நோட்டீஸ், ரசீது, வங்கிப் பரிமாற்றச் சான்று எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.