சுண்டெலி தந்த முதல் காவல்

சிறுநீரக மாற்று சிகிச்சையில் கத்தி பிடிக்கிற வேலை எப்போதோ கைவந்துவிட்டது. 1954-ல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே அதைச் செய்து காட்டினார். கொடுத்தவரும் பெற்றவரும் உருவொத்த இரட்டையர்கள் என்பதால், புதிய சிறுநீரகத்தை உடல் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. மற்ற நோயாளிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வந்திருப்பது வெளியாள் என்று ரத்தத்தின் டி செல்கள் மோப்பம் பிடித்துவிட்டால் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கிவிடும்.

ஸ்டீராய்டும் அசத்தியோபிரினும் இந்தத் தாக்குதலை மட்டுப்படுத்தின. ஆனால் அவை ஆளைப் பார்த்து அடிக்கிற மருந்துகள் அல்ல. டி செல்லை மட்டும் குறிவைக்க முடியுமா? 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் அதற்கு வழி திறந்தார்கள். சுண்டெலியின் ஆன்டிபாடி சுரக்கும் செல்லைப் புற்றுச்செல்லோடு இணைத்தார்கள். அந்தக் கலப்புச் செல், ஒரே வகை ஆன்டிபாடியை, அதாவது மோனோகுளோனல் ஆன்டிபாடியை, சலிக்காமல் சுரந்துகொண்டே இருந்தது.

இந்த நுட்பத்தில் பிறந்ததுதான் ஓகேடி3. டி செல்லின் மேலுள்ள சிடி3 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எலி ஆன்டிபாடி. 1985-ல் வெளியான ஆய்வில், நிராகரிப்பு தொடங்கிவிட்ட 123 நோயாளிகளில் இந்த மருந்து பெற்றவர்களில் 94 சதவீதத்தினருக்கு அது அடங்கியது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 75 சதவீதம். மறு ஆண்டே அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மனிதர்களுக்கு மருந்தாக அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி இதுதான்.

முதல் ஊசி போட்ட சில மணி நேரத்துக்குள் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் கடும் காய்ச்சலும் வரும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சிடி3 என்பது, எதிரியைக் கண்டதும் டி செல்லுக்குள் தகவல் அனுப்புகிற புரதம். அதை ஆன்டிபாடி பற்றியதும், செல் ஒடுங்குவதற்கு முன்பாக ஒரு தடவை உசுப்பேறிவிடும். செல்கள் ஒன்றையொன்று உசுப்பச் சுரக்கும் சைட்டோகைன்கள் ரத்தத்தில் கொட்டும். அதனால் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுத்தான் இந்த ஊசியைப் போட்டார்கள்.

இன்னொரு சிக்கல், சொல்லப்போனால் வேடிக்கை. நிராகரிப்பைத் தடுக்க வந்த மருந்தையே உடல் நிராகரித்தது. எலிப் புரதமும் வெளியாள்தானே! அதற்கு எதிராகப் பல நோயாளிகளின் உடல் ஆன்டிபாடி தயாரித்துவிட, மறுமுறை கொடுத்தால் மருந்து எடுபடாமல் போனது. 2010 வாக்கில் ஓகேடி3 சந்தையை விட்டே போய்விட்டது. வம்சம் அழியவில்லை; அதை மனித வடிவத்துக்கு மாற்றி, உசுப்பும் குணத்தையும் குறைத்து உருவாக்கிய டெப்லிசுமேப், முதல் வகைச் சர்க்கரை நோயைத் தள்ளிப்போடும் மருந்தாக 2022-ல் ஒப்புதல் பெற்றது.

அடுத்த தலைமுறை பாடம் கற்றிருந்தது. 1998-ல் வந்த பேசிலிக்ஸிமேப்பில், இலக்கைப் பற்றும் நுனி மட்டும் எலியுடையது, மீதி மனிதனுடையது. சும்மா இருக்கிற டி செல்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. சண்டைக்குக் கிளம்பிய செல், ‘பெருகு’ என்ற கட்டளையைக் கேட்க வெளியே நீட்டும் ஏற்பியை அடைத்துவிடுகிறது. 20 மில்லிகிராம் அறுவைக்குச் சற்று முன்பு, அதே அளவு நான்காம் நாள், அவ்வளவுதான். நான்கைந்து வாரங்களுக்கு ஏற்பி அடைபட்டே இருக்கும். நம்மூர் கிட்னி வார்டுகளில், முயலிடமிருந்து பெறும் ஏடிஜி என்ற ஆன்டிபாடிக் கலவையோடு சேர்ந்து அடிபடும் பெயர் இது. நிராகரிப்பு தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. நிராகரிப்பைத் தடுக்க விழுங்கும் தினசரி மாத்திரைகளுக்கும் இது மாற்று அல்ல.

இவையெல்லாம் டி செல் செய்கிற சண்டைக்கான மருந்துகள். பல ஆண்டுகள் ஒழுங்காக உழைத்த மாற்றுச் சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுப்பது, பல நேரங்களில் நோயாளியின் சொந்த ஆன்டிபாடிகள். இந்த வகை நிராகரிப்புக்கு நெடுநாள் சரியான மருந்தே இல்லை. இங்கேயும் ஆன்டிபாடியைக் கொண்டே ஆன்டிபாடியை மடக்கப் பார்க்கிறார்கள். ஃபெல்சார்ட்டமேப் என்ற மருந்து, ஆன்டிபாடி சுரக்கும் செல்களின் மேலுள்ள சிடி38-ஐப் பிடிக்கிறது. வியன்னா மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், ஆறு மாத சிகிச்சைக்குப் பின் இதைப் பெற்ற 11 பேரில் 9 பேரின் பயாப்ஸியில் நிராகரிப்பின் தடயம் மறைந்திருந்தது. போலி மருந்து பெற்றவர்களில் 10 பேருக்கு 2 பேர்.

சின்ன ஆய்வுதான். மருந்தை நிறுத்திய பின், ஓராண்டு முடிவதற்குள் அந்த 9 பேரில் 3 பேருக்கு நிராகரிப்பு திரும்பி வந்துவிட்டது. ஆறு மாதத்தோடு நிறுத்துவதா, காலமெல்லாம் கொடுப்பதா என்பது இனிமேல்தான் முடிவாக வேண்டும்.