சிறு கம்பி காக்கும் பெரிய விமானம்

தோட்டின் திருகாணி கழன்று விழ, தரையெல்லாம் தேடி அலையாதவர் நம்முள் யார்? நன்றாகத் திருகித்தான் அணிகிறோம். ஆயினும் ஓடி ஆடுகையில் அது சிறிது சிறிதாகத் தளர்ந்துவிடுகிறது. விமானத்தில் ஒரு திருகாணி இவ்வாறு கழன்றால் என்ன ஆகும்?

இரண்டாம் உலகப் போரின்போது நம் செட்டிநாட்டு ஓடுதளத்திலும் விமானங்கள் இறங்கின. அன்றும் இன்றும் விமானங்களுக்கு ஓயாத பகை ஒன்று உண்டு. அதுவே அதிர்வு. எஞ்சின் ஓடும்போது எழும் அதிர்வு, இறுக்கி முடுக்கிய போல்ட்டையும் மெல்ல மெல்லத் தளர்த்திவிடும்.

இதைத் தடுக்க எளிய வழி ஒன்றைக் கையாளுகின்றனர். போல்ட்டின் தலையில் சிறு துளை இருக்கும். முதலில் போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்குவர். பின்பு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைத் துளையில் நுழைத்து, இரு இழைகளையும் கயிறு திரிப்பதுபோல் முறுக்கி, பக்கத்துப் போல்ட்டின் துளையில் மாட்டுவர். அங்குலத்திற்கு 6 முதல் 8 முறுக்குகள் இருத்தல் வேண்டும்.

கம்பி செல்லும் திசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு போல்ட்டு தளரும் பக்கமாகத் திரும்ப முயன்றால், கம்பி மற்றதை இறுகும் பக்கமாக இழுக்கும். ஆகவே இரண்டும் அசைய இயலாது. திசை மாறிக் கட்டிய கம்பியால் பயனில்லை. ஒருமுறை கழற்றிய கம்பியை மீண்டும் பயன்படுத்துவதும் இல்லை. சில இடங்களில் கம்பிக்குப் பதிலாக, மாட்டுவண்டிச் சக்கரத்தின் கடையாணியைப்போல, நட்டின் குறுக்கே ஊசி ஒன்றைச் செருகுவர்.

இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் கற்றபின், பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனத்தில் எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் வேலையில்தான் பயிற்சி பெற்றார். விண்கலம் அனுப்பும் அறிவும் திருகாணியிலிருந்தே தொடங்குகிறது!

சிறு உறுப்பு ஒன்று விடுபட்டாலும் பெருங்கேடு நேரும். 2007 ஆகஸ்ட் 20ஆம் நாள் தைவானிலிருந்து ஜப்பானின் நாஹா நகருக்கு ஒரு விமானம் வந்திறங்கியது. அதன் இறக்கையில், நட்டுகள் கழலாதிருப்பதற்காகச் செய்த பராமரிப்பு வேலையின்போதே ஒரு வாஷர் விடுபட்டுப் போயிருந்தது. அதனால் கழன்ற போல்ட்டு, இறக்கையின் முன்விளிம்பு உள்ளே இழுக்கப்பட்டபோது எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. எரிபொருள் கசிந்து, விமானம் தீக்கிரையாயிற்று. அதிலிருந்த 165 பேரும் உயிர் பிழைத்தது பெரும் பேறு.

தோழியரே, மூடியைப் பூட்டிவிட்டால் உள்ளே உள்ள கம்பியைப் பயணிகள் எவரும் காண்பதில்லை. அதைக் கட்டியவரின் பெயரையும் அறிவதில்லை. இருந்தும், அவர் கை ஒழுங்காகச் செய்த வேலையை நம்பித்தான் நூற்றுக்கணக்கானோர் வானில் பறக்கின்றனர். நாளை நம்முள் சிலர் விமானப் பணிமனையில் நிற்கலாம். அன்று நம் கையிலும் அந்தச் சிறு கம்பி இருக்கும். யாரும் பாராத இடத்திலும் அதைச் சரியாகக் கட்டும் பழக்கத்தை இன்றே கைக்கொள்வோம்.