சூழலியல் கற்க விரும்புவோருக்கு

திசையன்விளையின் செம்மண் தேரியிலே வளர்ந்த பிள்ளை இயற்கைப் பாதுகாப்புப் பணியை நாடினால் பெற்றோர் தடுக்க வேண்டா. ஆனால் முதற்பட்டத்தைத் தேர்வதில் கவனம் தேவை. இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல் முதலிய குறிப்பிட்ட பாடங்களுள் ஒன்றோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ இன்றியமையாதது. சுற்றுச்சூழல் அறிவியல் அப்பட்டியலில் இல்லை. பெயரைக் கண்டு அதனையே முதலில் பயின்றால் அவ்வாயில் அடைபடும்! எனவே விலங்கியலோ தாவரவியலோ முடித்தபின் சூழலியலை நாடுவதே நன்று. அதற்குரிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மையம் ஆழ்வார்குறிச்சியிலேயே உள்ளது.

களப்பயிற்சிக்கு நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் போதும். 1994இல் சரணாலயமாவதற்கு முன்பே ஊரார் அங்குப் பறவைகளைக் காத்துவந்தனர். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக்கினர். பயிலவரும் மாணவருக்கு ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் குளத்தின் நீர்வரத்தையும் மடைகளையும் காட்டி உதவலாம்.