குட்டானுக்குள் இரண்டு கணக்கு

தேத்தண்ணிக்குச் சீனி போடாமல், பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்கிற ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறோம். நேற்றுப் பின்னேரம் அப்படி இருந்தபோது, முகாமைத்துவம் படிக்கிற மருமகள் கொப்பியோடு வந்து குந்தினாள்.

"மாமா, சமூக நோக்குடைய தொழில் முயற்சிகளின் பெறுபேற்றில் மூலோபாய நோக்குநிலையின் தாக்கமாம். வாசிச்சால் நித்திரைதான் வருது."

"முதல்ல தேத்தண்ணியைக் குடி பிள்ளை" என்று பனங்கட்டிக் குட்டானை அவள் பக்கம் தள்ளினேன்.

நோக்குநிலை என்றால், முடிவெடுக்கிற நேரத்தில் ஒரு நிறுவனம் முதலில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான். வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்தால் சந்தை நோக்கு. மற்றவர் தொடங்கமுன் புதிதாக ஒன்றைத் துணிந்து செய்தால் தொழில்முனைவு நோக்கு. பட்டதிலிருந்து பழக்கத்தை மாற்றிக்கொண்டால் கற்றல் நோக்கு. சந்தை நோக்குக் கூடினால் இலாபமும் கூடுகிறது என்று 1990இல் நார்வர், ஸ்லேட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க வணிகப் பிரிவுகளை ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் அது இலாபத்துக்காக நடக்கிற வணிகம். சமூக முயற்சிக்குப் பார்க்க வேண்டிய ஆட்கள் இரண்டு பேர்: வாங்குகிறவரும், யாருக்காக அந்த முயற்சி தொடங்கியதோ அவரும்.

எங்கள் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களை எடுங்கள். சீவல் தொழிலாளியின் உழைப்பின் பலன் இடையில் நிற்கிறவர் கைக்குப் போகாமல் தொழிலாளிக்கே நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் நோக்கம். தை பிறந்து பாளை வெளிக்கிட்டால் கள்ளுப் பெருகும். அங்கத்தவர் கொண்டுவருகிற முட்டியைச் சங்கம் வேண்டாம் என்று சொல்ல முடியாது; சொன்னால் சங்கம் எதற்கு? ஆனால் தவறணையில் குடிக்க வருகிறவர்கள் ஓரளவுதான். கள்ளோ மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். அடுத்த நாளைக்கு வைத்தால் காடி.

அங்கத்தவரை மட்டும் பார்த்தால் சங்கம் நட்டத்தில் மூழ்கும். குடிக்கிறவரை மட்டும் பார்த்தால் பாதித் தொழிலாளர் தெருவில் நிற்பார்கள். இந்த இக்கட்டில்தான் தொழில்முனைவு நோக்குக் கைகொடுக்கிறது. மிஞ்சிய கள்ளைப் போத்தலில் அடைப்பது ஒரு வழி. வடமராட்சியில் திக்கம் வடிசாலையில் செய்ததுபோல அதைச் சாராயமாக வடிப்பது இன்னொரு வழி. மூன்றாவது வழி, கள்ளாக முன்னமே தடுப்பது: முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிவிட்டால் புளிக்காது. கருப்பநீராக இறக்கிக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கலாம். மூன்றும் செய்கிற வேலை ஒன்றுதான்: ஒரு நாள் உயிருள்ள பண்டத்துக்கு ஆயுள் கூட்டுவது. அப்போது அங்கத்தவரையும் கைவிட வேண்டியதில்லை.

"அப்ப சந்தையைப் பார்த்தால் சரிதானே?" என்றாள்.

எந்தச் சந்தையை என்பதும் இருக்கிறது. யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே வெற்றிலை போடுகிறவரின் வாய்க்கு ஏற்றமாதிரிப் பதப்படுத்தி, அதற்கு மலையாளப் புகையிலை என்றே பெயரும் வைத்தோம். 1930களில் அதை விற்கக் கூட்டுறவுச் சங்கமும் எழுந்தது. வாங்குகிறவரின் ருசியை அதைவிட நுணுக்கமாக அறிய முடியாது. ஆனால் எல்லாப் பார்வையும் ஒரே வாசலில். பிறகு தீர்வையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்த வாசலை ஒடுக்கியபோது, நல்ல ருசி மட்டும் காப்பாற்றவில்லை. அப்படிப் பட்டதிலிருந்து படித்து, அடுத்த முறை வாசல் திறந்திருக்கும்போதே மற்ற வாசலைத் தேடுவதுதான் கற்றல் நோக்கு.

அதனால் பெறுபேற்றையும் இரண்டு கொப்பியில் எழுத வேண்டும். ஒன்றில் வரவு செலவு. மற்றதில், எத்தனை குடும்பம் இதில் சீவிக்குது, கூலி உரிய நாளில் போனதா, மரத்தால் விழுந்தவருக்கு என்ன செய்தோம் என்பவை. முதல் கொப்பி மட்டும் நன்றாக இருந்தால் அது வெறும் கடை. இரண்டாவது மட்டும் நன்றாக இருந்தால் வருகிற வருசம் இரண்டுமே இராது.

மருமகள் ஓலைக் குட்டானைப் பிரித்துக் கடைசித் துண்டை வாயில் போட்டாள்.

"குட்டான் என்ன விலை மாமா?"

சொன்னேன். "பார், முதல் கொப்பியைத்தான் கேட்கிறாய். இதில் மரம் ஏறினவருக்கு எவ்வளவு போனது?"

"வாங்கேக்கை நீங்கள் கேட்டனீங்களோ?"

நான் கேட்கவில்லை.