உள்ளச் சோர்வும் மூளையின் வாய்க்கால்களும்



நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், நன்கு படித்துவந்த மாணவன் ஒருவன் திடீரெனப் பின்தங்கினான். உணவில் விருப்பமின்றி, உறக்கமின்றி, ஒருவரோடும் பேசாதிருந்தான். அவனைச் 'சோம்பேறி' என்று வகுப்பில் கடிந்துகொண்டேன். உள்ளச் சோர்வு என்னும் நோய் அவனைப் பற்றியிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்நோயைப் பற்றி மூளைப் படங்கள் கூறுவது யாது என்று இன்று காண்போம்.

மூளையில் சாம்பல் நிறப் பகுதி, வெண்மைப் பகுதி என இரண்டு உண்டு. சாம்பல் நிறப் பகுதியில் உள்ள நரம்பணுக்களின் நீண்ட இழைகள், கற்றை கற்றையாக வெண்மைப் பகுதியில் ஓடி, மூளையின் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு இணைக்கின்றன. இழைகளைப் போர்த்தியுள்ள கொழுப்புறையே அவ்வெண்மைக்குக் காரணம்.

மண்டையைத் திறவாமல் இவ்விழைகளைக் காண்பது எவ்வாறு? எங்கள் கொடுமுடிப் பக்கத்துக் காலிங்கராயன் வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். அதன் நீர் நெடுகச் செல்லும். குறுக்கே செல்லக் கரை விடாது. மூளையில் நீர் அவ்வாறு ஓடுவதில்லை. அதன் மூலக்கூறுகள் ஓயாது அசைந்தவண்ணம் உள்ளன. அவ்வசைவும் இழையின் நெடுக எளிது, குறுக்கே அரிது. இவ்வேறுபாட்டை எம்.ஆர்.ஐ. கருவியால் அளந்து, 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணாகக் குறிப்பர். இம்முறையை 1994-ஆம் ஆண்டில் பீட்டர் பாசரும் அவர்தம் துணைவர்களும் வகுத்தனர்.

எனிக்மா என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழுவினர், நோயுற்றோர் 1,305 பேரையும் நோயற்றோர் 1,602 பேரையும் ஒப்பிட்டு, 2019-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நோயுற்றோருள் வயது வந்தவர்களிடம், 25 இழைக்கற்றைகளுள் 16-இல் அவ்வெண் சற்றே குறைந்திருந்தது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலமும் அவற்றுள் ஒன்று. இளம்பருவத்தினரிடமோ அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

இங்கே ஒன்றை நன்கு கவனியுங்கள். இவ்வேறுபாடு மிகச் சிறியது. பலரின் சராசரியில் மட்டுமே புலப்படுவது. ஒருவருடைய படத்தைப் பார்த்து, இவர் நோயாளி என்றோ அல்லர் என்றோ கூற இயலாது. மருத்துவர் இன்றும் நோயாளியோடு பேசியே இந்நோயை அறிகிறார். என் மாணவனைப் படம் எடுத்திருந்தால், அதில் ஒன்றும் தெரியாமலே போயிருக்கலாம். ஆயினும் அவன் துன்பம் பொய்யன்று.

"என்ன கண்ணு, உடம்புக்கு என்ன?" என்று அன்று அவனை நான் கேட்டிருக்க வேண்டும். உங்கள் தோழர் எவரேனும் வாரக்கணக்கில் வாடியிருந்தால், நீங்கள் கேளுங்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416. கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.